“ஓம்” என்ற சொல்லும் வேலைத்தலத்துத் தலைமையும்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் ஒன்றுகூடிய மாலைச் சந்திப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



தலைமைப் பண்புகளையும் வேலைத்தலத் தொடர்பாடலையும் பற்றிப் பேசுமாறு ஏற்பாட்டாளர்கள் என்னைக் கேட்டிருந்தார்கள். நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு, கைகுலுக்கும்போது இறுகப் பற்று என்பன போன்ற அறிவுரைகளை எதிர்பார்த்துச் சிலர் வந்திருக்கக்கூடும். அவை எந்த நூல்நிலையத்திலும் கிடைக்கும். நான் இன்று ஒரேயொரு விடயத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். கீழே இருப்பவர் அறிந்துவைத்திருக்கும் கெட்ட செய்தி, மேலே இருப்பவரின் காதுக்கு ஏன் போய்ச் சேர்வதில்லை? அது சேராமற் போவதில் சொல்பவரின் பங்கு என்ன, கேட்பவரின் பங்கு என்ன?

முதலில் ஒரு விமானத்தின் கதையைச் சொல்கிறேன். 1990ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், கொலம்பியாவின் பொகோட்டா நகரிலிருந்து மெடலின் வழியாக நியூயோர்க் நோக்கி ஏவியான்கா நிறுவனத்தின் 52ஆம் இலக்க விமானம் பறந்துகொண்டிருந்தது. அது ஒரு போயிங் 707. அதில் 158 பேர் இருந்தனர். அன்றிரவு நியூயோர்க்கில் காலநிலை மிகவும் சீர்கெட்டிருந்தது. விமானங்கள் வானிலே வரிசையாகக் காத்துக் கிடந்தன. இவ்விமானமும் மூன்று இடங்களில் வட்டமிட்டுக் காத்திருக்கப் பணிக்கப்பட்டது. மொத்தமாக 1 மணி 17 நிமிடங்கள் அது காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டே போயிற்று.

கட்டுப்பாட்டு நிலையத்துடன் பேசும் பொறுப்பு துணை விமானியிடம் இருந்தது. தமக்கு முன்னுரிமை தேவைப்படும் என்று நினைப்பதாக அவர் சொன்னார். இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்று கேட்டபோது, ஏறக்குறைய ஐந்து நிமிடங்கள் என்றார். மாற்று விமான நிலையமாக பொஸ்ரன் குறிக்கப்பட்டிருந்தது, இனி அங்கே செல்ல எரிபொருள் போதாது என்பதையும் சொன்னார். ஆனால் அந்தக் கடைசிச் செய்தி, விமானத்தை அடுத்துப் பொறுப்பேற்ற கட்டுப்பாட்டாளரிடம் போய்ச் சேரவில்லை. அவருக்கு அது ஏனைய விமானங்களைப் போல இன்னொரு விமானமாகவே தெரிந்தது.

முதல் முறை தரையிறங்க முயன்றபோது காற்றின் கொந்தளிப்பால் அது கைகூடவில்லை. மீண்டும் மேலெழ வேண்டியதாயிற்று. அப்போது தலைமை விமானி, நாம் அவசரநிலையில் இருக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல் எனத் துணை விமானியிடம் கூறினார். துணை விமானி என்ன செய்தார் தெரியுமா? கட்டுப்பாட்டாளர் கொடுத்த திசையைப் பணிவோடு திருப்பிச் சொன்னார், மறுபடியும் முயல்வோம் என்றார், வாக்கியத்தின் கடைசியில், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அவசரநிலை என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. சொன்னாயா என்று தலைமை விமானி கேட்டபோது, ஆம் ஐயா, சொல்லிவிட்டேன் என்றார். சிறிது நேரத்தில் கட்டுப்பாட்டாளர், உங்களைப் பதினைந்து மைல் வரை வெளியே கொண்டுபோய்த் திருப்பப் போகிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது சரிவருமா என்று நேரடியாகவே கேட்டார். அதற்குக் கிடைத்த பதில், சரிவரும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்பதாகும்.

சில நிமிடங்களில் நான்கு இயந்திரங்களும் அடுத்தடுத்து நின்றன. லோங் ஐலண்டில் கோவ் நெக் என்னும் ஊரின் மேட்டு நிலத்தில் விமானம் விழுந்தது. 73 பேர் உயிரிழந்தனர். விமானி அறையிலிருந்த மூவரும் அதில் அடங்குவர். விழுந்த விமானம் தீப்பற்றவில்லை. தீப்பற்றுவதற்கு அதில் எரிபொருளே இருக்கவில்லை.

அன்றிரவு காத்திருந்த விமானங்கள் எல்லாவற்றிலும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே, எரிபொருள் தீர்கிறது என்பது கட்டுப்பாட்டாளரின் காதில் ஒரு சாதாரணச் செய்தி. அவசரநிலை என்ற சொல் அப்படியானதன்று. அது ஒலித்தவுடன் மற்றெல்லா விமானங்களையும் விலக்கி வழிவிட வேண்டியது அவரது கடமையாகிவிடும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இவ்விபத்தை ஆராய்ந்து, எரிபொருளை முறையாகக் கவனிக்கத் தவறியதையும், அவசரநிலையை உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறியதையும் முதன்மைக் காரணங்களாகக் குறிப்பிட்டது. இரு தரப்பினருக்கும் ஒரே பொருள் தரும் பொதுவான சொல் வழக்கு இல்லாதிருந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

இந்த உரையாடலை முதன்முறை வாசித்தபோது அந்தத் துணை விமானியில் நான் என்னையே கண்டேன். உங்களுள் பலரும் உங்களைக் காண்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

எமது “ஓம்” என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். யாரேனும் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் ஓம், ஓம் என்று தலையசைத்துக்கொண்டே இருப்போம். நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, தொடர்ந்து சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். நான் ஒப்புக்கொள்கிறேன் என்பது அதன் பொருளன்று. இதை ஆங்கிலத்தில் “யெஸ், யெஸ்” என்று நாம் பெயர்த்துச் சொல்லும்போது, வெள்ளைக்கார முகாமையாளர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று அவர் கேட்கிறார், நாம் ஓம் என்கிறோம். திங்கட்கிழமை அவர் எம்மைப் பொய்யர் என்று நினைக்கிறார், நாம் அவரை இரக்கமற்றவர் என்று நினைக்கிறோம். அதுபோலவே, “பார்த்தால் நல்லதோ தெரியாது” என்று ஒரு தமிழர் இழுத்துச் சொன்னால், அதைக் கேட்கும் இன்னொரு தமிழருக்கு உடனே உறைக்கும், எங்கோ பிழை இருக்கிறது என்று. அந்தக் கடைசி “ஓ”காரத்தின் எடையை அறிந்த காது அது. ஆங்கிலத்தில் அந்த எடை வழியிலேயே கொட்டிப் போகிறது.

இது ஒருவழிச் சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலம் பேசுபவர்களும் மறைத்துத்தான் பேசுகிறார்கள். உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது இதைப் பார்க்க முடியுமா என்று மேலதிகாரி கேட்டால், பெரும்பாலும் இன்றே பார் என்பதுதான் பொருள். இது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆகவே எமது பண்பாடு பணிவானது, அவர்களது பண்பாடு வெளிப்படையானது என்ற எளிய கதையை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு மொழியிலும் பணிவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒன்றின் பணிவை மற்றொன்றுக்குள் அப்படியே கொண்டுசெல்லும்போதுதான் இடர் நேர்கிறது.

நான் இந்த நாட்டிற்கு வந்த புதிதில் உணவுப் பொருள் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்தேன். ஓரிரவு, டப்பாக்களில் ஒட்டப்பட்டுக்கொண்டிருந்த சுட்டிகளைத் தற்செயலாக வாசித்தேன். உள்ளே போனது நிலக்கடலை கலந்த பொருள். சுட்டியோ நிலக்கடலை இல்லாத பொருளுக்கு உரியது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை அதை உண்டால் என்ன ஆகும் என்பது பெற்றோராகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேற்பார்வையாளர் அவ்வழியே வந்தார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? சிரித்த முகத்தோடு, சிலவேளை இந்தச் சுட்டியை ஒருதடவை பார்க்கலாமோ என்று சொன்னேன். அவர், நல்லது, நல்லது என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு விடியும்வரை அதே சுட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

காலை முறைக்கு வந்தவர் கரீபியத் தீவொன்றைச் சேர்ந்த ஒரு பெண். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிடப் பெரிதாக மேம்பட்டதன்று என்றே அப்போது நினைத்திருந்தேன். அவர் ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்தார், சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்தினார், இதில் கடலை இருக்கிறது, பிள்ளைகள் செத்துவிடுவார்கள் என்று உரத்துச் சொன்னார். அவ்வளவுதான். இரவு முழுவதும் அடுக்கியவை அனைத்தும் இறக்கப்பட்டன. நல்லவேளையாக எதுவும் வெளியே போகவில்லை. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னேனே என்றேன். அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். அந்த முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

சப்பானிய ரொயோற்றா நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் வேலை வரிசையின் நெடுகிலும் ஒரு கயிறு தொங்கும் வழக்கம் இருந்தது. இப்போது பல இடங்களில் அது பொத்தானாக மாறிவிட்டது. பிழையொன்றைக் கண்டால், எவ்வளவு கீழ்நிலைத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், இழுக்கவும் வேண்டும். இழுத்தவுடன் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடிவருவார், குறித்த இடத்திற்கு வண்டி போய்ச் சேர்வதற்குள் தீர்வு கிட்டாவிட்டால் வரிசையே நின்றுவிடும். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது கயிறன்று. ஓடிவரும் தலைவர் என்ன முகத்தோடு வருகிறார் என்பதே. எரிச்சலோடு வந்தால் அடுத்தமுறை யார் இழுப்பார்கள்?

இனிக் கேட்பவரின் பக்கத்துக்கு வருவோம். 1978 திசம்பர் 28ஆம் நாள், யுனைற்றட் நிறுவனத்தின் 173ஆம் இலக்க விமானம் ஒறிகன் மாநிலத்தின் போட்லண்ட் நகரருகே ஏறக்குறைய ஒரு மணிநேரம் வட்டமிட்டது. சில்லுகள் சரியாக இறங்கினவா என்ற ஐயத்தில் தலைமை விமானி மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் குறிப்பாகச் சொன்னார்கள். அவர் காதில் அது ஏறவில்லை. விமானம் வீழ்ந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தனர். தலைமை விமானி திறமை குறைந்தவரல்லர், மிகுந்த அனுபவசாலி. இத்தகைய விபத்துகளின் பின்னர் 1979இல் நாசா நிறுவனம் ஓர் ஆய்வரங்கை நடத்தியது. 1981இல் யுனைற்றட் நிறுவனம் விமானிகளுக்குப் புதிய பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் தெளிவாகச் சொல்லப் பழக வேண்டும், மூத்தவர் தாமாகவே கேட்கப் பழக வேண்டும் என்பது அப்பயிற்சியின் சாரம். பின்னர் அது உலகெங்கும் பரவியது.

நான் சில ஆண்டுகளின் பின் மேற்பார்வையாளரானேன். என் பழைய அனுபவத்தால் நான் நல்ல தலைவனாக இருந்திருப்பேன் என்று எண்ணுவீர்கள். இல்லை. என் குழுவில் ஒரு தமிழ் இளைஞர் இருந்தார். அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும், அண்ணை, அந்தப் பட்டியின் உருளையில் ஒரு சத்தம் கேட்கிறது என்றார். எனக்கு அன்று அவசரம். தம்பி, முதலில் உன்ர வேலையை முடி என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அதன்பின் பல மாதங்களாக அவர் மட்டுமன்றி, எவருமே என்னிடம் எதையும் சொல்லவில்லை. எனது பகுதியில் பிரச்சினையே இல்லை என்று மேலிடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உருளை உடைந்து இரண்டு நாட்கள் வேலை நின்ற பிறகுதான், பிரச்சினை இல்லாமற் போகவில்லை, அது என்னை வந்தடைவதுதான் நின்றுபோயிற்று என்று விளங்கியது.

எமி எட்மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் வைத்தியசாலைக் குழுக்களை ஆராய்ந்தபோது, சிறந்த குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தமை கண்டு முதலில் குழம்பினார். அவர்கள் அதிகம் தவறிழைத்தார்கள் என்பதல்ல, தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்ற விளக்கத்துக்கே அவர் பின்னர் வந்தார். முறைப்பாடு வராத பகுதியைக் கண்டால் நல்ல தலைவர் மகிழக்கூடாது, ஐயுற வேண்டும்.

தாதியராகவும் மருத்துவர்களாகவும் எமது பிள்ளைகள் பலர் பணியாற்றுவதால், சத்திரசிகிச்சைக் கூடத்தைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 அம்சங்கள் கொண்ட பாதுகாப்புப் பட்டியலொன்றை அறிமுகப்படுத்தியது. உடலில் கத்தி வைப்பதற்கு முன் கூடத்திலிருக்கும் ஒவ்வொருவரும் தமது பெயரையும் பொறுப்பையும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது அதிலொன்று. எமது ரொறன்ரோ உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் அது சோதிக்கப்பட்டது. இறப்பு வீதம் 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் முடிவு வெளியாகியது. ஒருமுறை தன் பெயரைச் சொன்ன தாதிக்கு, பிழையைக் கண்டால் இரண்டாம் முறையும் வாய் திறப்பது எளிது என்று அதை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்பட்டியல் பரவலாக நடைமுறைக்கு வந்தபின், 101 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரை, குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை என்றது. வைத்தியசாலைகள் தாமே அளித்த கணக்கின்படி பட்டியல் ஏறக்குறைய எங்கும் பயன்படுத்தப்பட்டிருந்தது. ஏன் இந்த வேறுபாடு என்பது பற்றி விவாதம் உண்டு. தொழிற்சாலையில் படிவங்களை நிரப்பியவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. பெட்டிகளில் சரி அடையாளம் இடுவது எளிது. தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் தலைநிமிர்ந்து, உங்களுள் யாருக்கேனும் ஐயமிருக்கிறதா என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பது கடினம்.

இளையோர்களே, உங்களுக்குக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றைத் தருகிறேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கி, பின்னர் வைத்தியசாலைகளுக்கு வந்த பேச்சுமுறை ஒன்று உண்டு. என்ன நடக்கிறது, இதன் பின்னணி என்ன, நான் என்ன கருதுகிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் அதே ஒழுங்கில் சொல்வது. இரவில் மருத்துவரை எழுப்பும் ஒரு தாதியை எண்ணிக்கொள்ளுங்கள். “நோயாளியின் மூச்சு வேகமாகிறது. நேற்றுச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர். நுரையீரலில் சிக்கல் இருக்கலாம் எனக் கருதுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.” எமது பிள்ளைகள் முதல் இரண்டையும் நன்றாகச் சொல்வார்கள். மூன்றாவதில் குரல் இறங்கும். நான்காவதைச் சொல்லவே மாட்டார்கள், பெரியவருக்கு நான் எப்படிக் கட்டளையிடுவது என்று. அந்த நான்காவது வாக்கியத்தைத்தான் நீங்கள் கண்ணாடி முன் நின்று பழக வேண்டும்.

இது எமது மரபுக்கு மாறானது என்று சில பெரியோர் எண்ணலாம். இடித்துரைத்தல் என்ற சொல் எங்கிருந்து வந்தது? மன்னன் வழி தவறும்போது அவனைக் கடிந்து சொல்லும் துணைவர் அவனுக்கு வேண்டும் என்று திருக்குறளின் பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரம் பேசுகிறது. வாய்மூடி நிற்பதுதான் தமிழ்ப் பண்பாடு என்று எமக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

பெற்றோர்களே, இறுதியாக உங்களிடம் ஒன்று. இதைச் சொல்ல எனது மகனிடம் அனுமதி பெற்றுள்ளேன். அவன் பொறியியல் கற்கப் பல்கலைக்கழகம் சென்றான். இரண்டாம் ஆண்டில் ஒரு தவணை முழுவதும் காலையில் புத்தகப் பையோடு வெளிக்கிட்டு மாலையில் வீடு திரும்பினான். அவன் படிப்பிலிருந்து விலகிப் பல வாரங்களாகிவிட்டன என்பது, கட்டணம் தொடர்பான ஒரு கடிதத்தைத் தாயார் பிரித்தபோதுதான் எமக்குத் தெரிந்தது. பகலெல்லாம் அவன் பொது நூல்நிலையத்தில் இருந்திருக்கிறான். நான் கத்தினேன். ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். அவன் அமைதியாக, மூன்றுமுறை சொன்னேன் அப்பா என்றான்.

உண்மைதான். பாடம் கொஞ்சம் கடினமாயிருக்கிறது என்று ஒருமுறை சொன்னான். எல்லோருக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் என்றேன். இது எனக்குச் சரிவருமோ தெரியவில்லை என்று காரில் போகும்போது சொன்னான். நாங்கள் பட்ட பாட்டைவிடவா என்று கேட்டேன். மூன்றாவது முறை என்ன சொன்னான் என்பது என் நினைவிலேயே இல்லை. எரிபொருள் தீர்கிறது என்று பிள்ளை சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அந்தப் பெரிய சொல்லை அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த இரவு அவன் தாயார் அவனுடைய அறை வாசலில் கதிரை போட்டு விடியும்வரை அமர்ந்திருந்தார். எதற்கு அஞ்சி அப்படி அமர்ந்திருந்தார் என்பதை நாங்கள் இருவரும் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை. மகன் இப்போது வேறொரு துறையில் நலமாக இருக்கிறான்.

அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, இந்தக் கிழமை எது பிழைத்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதலில் நான் சொல்ல வேண்டும் என்பது மனைவி விதித்த நிபந்தனை. முதல் சில கிழமைகள் மிகவும் சங்கடமாக இருந்தது. எனக்குப் பிழைத்தது எதுவுமில்லை என்று ஒருமுறை சொன்னேன். மகள் சிரித்த சிரிப்பில் மறுகணமே இரண்டு நினைவுக்கு வந்தன.

எனக்களிக்கப்பட்ட நேரம் முடிந்துவிட்டது. இனி வினாக்களுக்கு இடமளிக்க வேண்டும். முதல் மூன்று வினாக்களையும் இருபது வயதிற்கு உட்பட்டவர்களிடமிருந்தே பெற விரும்புகிறேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை பெரியோர்கள் சற்றுப் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன். நான் சொன்னவற்றில் பிழை கண்டவர்கள் முதலில் கையை உயர்த்துங்கள்.